புளி மூட்டையும் பூமியின் இழுப்பும்

எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தராசுகளைச் சோதித்து முத்திரையிடும் வேலையில் ஒரு பகுதி இனி தனியார் மையங்களுக்குப் போகப்போகிறது என்ற பேச்சு அவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சினூடே ஒரு பெண் கேட்டாள்: "உங்க சர்வீஸ்ல ரொம்பச் சிக்கலான கேஸ் எது மேடம்?"

அடியைக் குடைந்த எடைக்கல், தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். பூமியின் ஈர்ப்பு மின்காந்தத்தால் வருகிறதா இல்லையா என்று கல்வராயன் மலையில் ஒரு புளிக் கொட்டகையில் நடந்த வாதம்தான் என்றேன். சிரித்தார்கள். அன்று அந்தக் கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு வியாபாரியைச் சுற்றி ஊரே நின்றிருந்தது.

நான் திருநாவலூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். இயற்பியலில் பட்டம் பெற்று, தேர்வெழுதி, முத்திரை ஆய்வாளர் ஆனேன். பயிற்சிக் காலத்தில் கற்றதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: வெறுங்கையால் எடைக்கல்லைத் தொடாதே, தராசு சொல்வதை உடனே நம்பாதே. அதற்குப் பிறகு கற்றதெல்லாம் அந்தோணிசாமி சாரிடம்.

அவர் எனக்கு மேலதிகாரியாக விழுப்புரத்தில் இருந்தார். நான் வேலை பார்த்த கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு மான்தோல் துண்டு வைத்திருப்பார். எடைக்கற்களை அதனால் துடைத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். சந்தையில் கையும் களவுமாகப் பிடிபட்டவனிடமும் "உட்காருங்க" என்பார். 'பொய்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும், "அப்படியா? பாத்துடலாமே" என்பார். தொடக்கத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. எதிரே நிற்பவன் ஏமாற்றுக்காரன் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்போது, எதற்கு இத்தனை நிதானம்?

மின்னணுத் தராசைச் சோதிக்க அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் தராசை இயக்கிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அது சூடாகி நிலைகொள்ளும்வரை தட்டைத் தொடக்கூடாது. அந்த நேரத்தில் வியாபாரி டீ சொல்வார், குடிக்கக்கூடாது. பிறகு நீர்மட்டக் குமிழி நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டின் நடுவில் ஒரு முறை, நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு முறை அதே எடைக்கல்லை வைக்க வேண்டும். பிறகு எடையை ஏற்றிக்கொண்டே போய், அதே படிகளில் இறக்கிக்கொண்டே வர வேண்டும். ஏறும்போது காட்டியதை இறங்கும்போதும் காட்டினால்தான் முத்திரை. "ஏறும்போது எல்லாரும் ஒழுங்காத்தான் இருப்பாங்க" என்பார் சார். அவர் அடித்த ஒரே நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி ஏழுமலை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தராசு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஐ.டி.ஐ. படித்து, ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்த்து, மின்னணுத் தராசு வந்ததும் அதற்கு மாறியவர். துறை கொடுத்த உரிமம் இருந்தது. அவர் சரிசெய்து கொண்டுவரும் தராசுகளை நாங்கள் சோதித்து முத்திரையிடுவோம். வேலையில் சுத்தமானவர். ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார்.

ஒரு நாள் நகைக்கடைத் தராசு ஒன்றைத் திறந்துவைத்து என்னைக் கூப்பிட்டார். அந்த வகைத் தராசில் தட்டைக் கீழிருந்து தாங்குவது ஸ்பிரிங் அல்ல; காந்தத்துக்கு நடுவே மிதக்கும் ஒரு கம்பிச்சுருள். தங்கம் எவ்வளவு கீழே அழுத்துகிறதோ, அவ்வளவு மின்சாரத்தைச் சுருளில் செலுத்தித் தட்டைப் பழைய இடத்தில் நிறுத்தும். எத்தனை மின்சாரம் பிடித்தது என்பதைத்தான் எடையாகக் காட்டும்.

"மேடம், மேல தூக்கறது கரண்டு. அப்ப கீழ இழுக்கறது மட்டும் வேற இன்னாவா இருக்கும்?" என்றார்.

"தூக்கறது கரண்டுன்னா இழுக்கறதும் கரண்டுதான்னு எப்படிச் சொல்றீங்க? நான்கூடத்தான் எடைக்கல்லைத் தூக்கறேன். நான் கரண்டா?"

"உங்க கையும் கரண்டுலதான் வேல செய்யுது மேடம். டாக்டரக் கேளுங்க."

சார் அடுத்த முறை வந்தபோது ஏழுமலை அவரிடமும் கேட்டார். நான் நெளிந்தேன். சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை தன் மகளின் பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியல் புத்தகங்களை எடுத்துவந்து இரண்டு பக்கங்களைக் காட்டினார். ஒன்றில் இரண்டு நிறைகளுக்கு இடையிலான ஈர்ப்பு. இன்னொன்றில் இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை. தூரம் இரண்டு மடங்கானால் இரண்டுமே நாலில் ஒரு பங்காகும்.

"ரெண்டு சூத்திரமும் அச்சு அசலா ஒண்ணு சார். எழுத்துதான் வேற."

"ஆமா. அந்த ஒத்துமை சாதாரணம் இல்ல. பெரிய பெரிய விஞ்ஞானிங்களே ரெண்டையும் ஒண்ணாக்கப் பாத்திருக்காங்க" என்றார் சார். பிறகு கேட்டார்: "ஆனா மின்சாரத்துல இழுக்கறதும் இருக்கு, தள்றதும் இருக்கு. பூமி எதையாவது தள்ளிப் பாத்திருக்கீங்களா?"

ஏழுமலை யோசித்தார். "எல்லாப் பொருள்லயும் பிளஸ்ஸும் மைனஸும் இருக்குது. ரெண்டும் சரிக்குச் சரி போவ, இழுக்கற பக்கம் துளியூண்டு மிச்சம் இருந்தா?"

"அப்ப இரும்புக்கு ஒரு மிச்சம், பஞ்சுக்கு ஒரு மிச்சம்னு இருக்கணும். ஒரே வேகத்துல விழாது. ஆனா காத்து இல்லாத இடத்துல எல்லாம் ஒண்ணாத்தானே விழுது?" என்றவர், மேசையில் கிடந்த பிஸ்கட் டின்னை எடுத்தார். "உங்க போனை இதுல போட்டு இறுக்கி மூடினா சிக்னல் என்ன ஆகும்?"

"செத்துப்பூடும்."

"அரைக் கிலோ கல்லை இதுல போட்டு மூடினா? எடை கொஞ்சமாவது குறையுமா? மின்சாரத்தை மறைக்கலாம். இழுப்பை மறைக்க இதுவரைக்கும் யாருக்கும் ஒரு டின்னு கிடைக்கல."

ஏழுமலை நிஜமாகவே ஒரு எடைக்கல்லை டின்னுக்குள் போட்டு நிறுத்துப் பார்த்தார். பிறகு டின்னைத் தனியாக நிறுத்துக் கழித்தார். எடை குறையவில்லை. "இந்த டின்னு பத்தல சார்" என்றார். சார் அதற்கும் சிரிக்கவில்லை.

அந்த மாசி மாதம் மலையிலிருந்து புகார் வந்தது. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். புளிப் பருவத்தில் சமவெளி வியாபாரிகள் அங்கே தகரக் கொட்டகை போட்டு, மக்கள் உலுக்கிக் கொண்டுவரும் புளியை நிறுத்து வாங்குவார்கள். அந்த ஊரில் வாங்கியவர் கலியமூர்த்தி என்பவர். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும் அவருடைய மின்னணுத் தராசை ஏழுமலைதான் பழுது பார்த்திருந்தார். எங்கள் அலுவலகம்தான் முத்திரையிட்டிருந்தது. புகார் ஒரே வரி: கரண்ட் இருந்தால் புளி எடை குறைகிறது, கரண்ட் போனால் கூடுகிறது.

போனில் சாரிடம் படித்துக் காட்டினேன். "ஸ்விட்ச் ஏதோ வச்சிருக்கான் சார்" என்றேன்.

"அப்படியா? பாத்துடலாமே. ஏழுமலையையும் கூட்டிக்கோங்க. பஞ்சு வியாபாரி யார்கிட்டயாவது தொங்கவிட்டு நிறுக்கற வட்டத் தராசு இருக்கும். ஒண்ணு கேட்டு வாங்கி வைங்க."

எதற்கென்று அவர் சொல்லவில்லை. அது ஸ்பிரிங் தராசு. கடிகாரம் போல முகம், கீழே ஒரு கொக்கி. மின்சாரமே கிடையாது.

கச்சிராயப்பாளையம் வழியாக ஜீப்பில் மலை ஏறினோம். இருபது கிலோ இரும்புக் கற்கள் வளைவுக்கு வளைவு பின்னால் உருண்டன. புகாரைப் படித்ததிலிருந்து ஏழுமலையின் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. தான் இத்தனை நாள் தேடியது மலைமேல் கிடைத்துவிட்டது என்று நம்பினார்.

"அந்தக் கொட்டாய்க்குப் பக்கத்துலயே டிரான்ஸ்பார்மரு இருக்குது சார். நான் போயிருக்கேன். லைன் ஓடறப்ப பூமியோட இழுப்பு அந்த எடத்துல கம்மியாவுது. அதான் சங்கதி."

"மலைமேல இழுப்பு கொஞ்சம் குறையறது நிஜம்தான்" என்றார் சார். "பூமியோட நடுவுலருந்து விலகிப் போறோம் இல்ல? ஆனா ஒரு மூட்டைக்கு ஒரு புளியம்பழம் அளவுகூட வராது."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கலியமூர்த்தி கொட்டகைக்குள் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஆட்கள் நின்றார்கள். அவருடைய லாரிச் சாவி ஊர்க்காரர்களிடம் இருந்தது. யாரும் அவரை அடிக்கவில்லை. ஆனால் அவர் தண்ணீர் கேட்டும் யாரும் கொடுக்கவில்லை என்பது அவர் உதட்டில் தெரிந்தது. சார் தன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

புகார் சொன்னவர் சின்னப்பொண்ணு. நாற்பது வயதிருக்கும். விஷயத்தைக் கோவையாகச் சொன்னார். "முந்தாநேத்து கரண்டு இல்லீங்க. மூட்டையப் போட்டேன், நாப்பது கிலோ காட்டுச்சி. வெல கட்டலன்னு திருப்பித் தூக்கிக்கினு போயிட்டேன். மூட்டைய அவுக்கவே இல்ல. நேத்து வந்து போட்டா முப்பத்தொம்பது. கரண்டு இருந்துச்சி. ஒரு ராத்திரியில புளி எளச்சிப்பூடுமா?"

"கொஞ்சம் காஞ்சிருக்கும்" என்றார் கலியமூர்த்தி.

"அப்ப ஆண்டியப்பனோட மூட்ட? அது மொத நாளு கொறச்சலு, மறுநாளு கரண்டு போச்சி, கூடிப்போச்சி. காஞ்ச புளி ஈரமாயிடுச்சா?"

ஏழுமலை முன்னால் வந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி தன் கருத்தைச் சொன்னார். பூமி இழுப்பதே ஒருவகை மின்சாரம். லைன் ஓடும்போது அது கலைகிறது. வியாபாரி மேலும் தப்பில்லை, மிஷின் மேலும் தப்பில்லை. கூட்டம் முணுமுணுத்தது. வியாபாரியைக் காப்பாற்ற வந்தவன் என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார்.

சார் மான்தோலால் எடைக்கல்லைத் துடைத்தார். தராசை இயக்கிவிட்டுச் சும்மா இருந்தார். கூட்டமும் சும்மா இருந்தது. பிறகு, கரண்ட் இருக்கும்போதே, இருபது கிலோ கல்லை வைத்தோம். அரைக் கிலோ குறைவாகக் காட்டியது. இன்னொரு கல்லையும் வைத்தோம். ஒரு கிலோ குறைந்தது. எடுத்ததும் சரியாகப் பூஜ்யத்துக்கு வந்தது.

"பாருங்க சார்!" என்றார் ஏழுமலை. "மிஷின் கெட்டிருந்தா சைபர்லயே தப்பு வரும். இது சைபர் கரெக்டு. கனம் ஏற ஏறக் கொறையும் ஏறுது. இழுப்பு கம்மியானா இப்பிடித்தான் ஆவும்."

அவர் சொன்னது சரி. ஈர்ப்பு குறைந்தாலும் இப்படித்தான் காட்டும். நான் சாரைப் பார்த்தேன். சார் தலையாட்டினார். "ஆமா. இதுவரைக்கும் நீங்க சொல்றதும் பொருந்துது."

பிறகு வட்டத் தராசைக் கொட்டகையின் குறுக்குக் கட்டையில் கட்டச் சொன்னார். "ஏழுமலை, இதுல கரண்டு இல்ல. பூமி எவ்வளவு இழுக்குதோ அவ்வளவுக்கு ஸ்பிரிங் நீளும். இழுப்பு மாறினா முள் நகரும். ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன் சார்."

ஒரு கல்லைத் தொங்கவிட்டோம். முள் நின்ற இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டேன். சார் மெயின் ஸ்விட்சை அணைக்கப் போனார். ஏழுமலை தடுத்தார். "அது பத்தாது சார். வெளிய டிரான்ஸ்பார்மர்ல லைன் ஓடிக்கினுதான இருக்கும்?"

"நியாயம்" என்றார் சார். உள்ளூர் லைன்மேனை அழைத்துவர ஆள் போனது. கூட்டத்துக்குப் பொறுமை கரைந்துகொண்டிருந்தது. எனக்கும்தான். சார் எடைக்கற்களின் பக்கத்தில் கைகட்டி நின்றார். லைன்மேன் வந்து டிரான்ஸ்பார்மரையே அணைத்தார்.

ஊர் முழுக்க மின்சாரம் நின்றது. வட்டத் தராசின் முள் நகரவில்லை. ஏழுமலை குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தார். பக்கத்திலேயே மின்னணுத் தராசு தன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இன்னொரு கல்லை வைத்தேன். இருபது கிலோ. சுத்தமாக இருபது.

மின்சாரத்தைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார் சார். முள் அப்போதும் நகரவில்லை. மின்னணுத் தராசு மட்டும் அரைக் கிலோ இறங்கியது. கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. "மிஷினுக்குள்ள வச்சிருக்கான்யா!" இரண்டு பேர் கலியமூர்த்தியை நோக்கி நகர்ந்தார்கள்.

அப்போது ஏழுமலை தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் சுவர் ஓரமாக நகர்ந்து, தராசுக்குப் போகும் சார்ஜரைப் பிளக்கிலிருந்து உருவினார். கொட்டகையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே லைன் ஓடிக்கொண்டிருந்தது. மின்னணுத் தராசு இருபது காட்டியது. செருகினார், குறைந்தது. உருவினார், இருபது.

சார்ஜரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் முதுகில் அவர் கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இழுப்புல கொற இல்ல சார்" என்றார். பிறகு எழுந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "யாரும் அவரு மேல கை வைக்காதீங்க. அவரு ஒண்ணும் பண்ணல. முத்திர போட்டதுக்கு அப்பறம் பழைய சார்ஜர் கெட்டுப்பூடுச்சின்னு வந்தாரு. நாந்தான் இத வித்தேன். இதுல வர்ற கரண்டு சுத்தமில்ல. உள்ள போயி எடையக் கலைக்குது. என்னோட சார்ஜர்."

நகர்ந்த இருவரும் நின்றுவிட்டார்கள். உரிமம் பெற்ற ஒருவர் தானே விற்ற பொருளைப் பற்றி ஆய்வாளர் முன்னால் இப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சார் ஒரு வார்த்தை கேட்கும் முன்பே ஏழுமலை சொல்லிவிட்டார்.

சின்னப்பொண்ணு மட்டும் கலியமூர்த்தியை விடவில்லை. "சார்ஜரு அவருது. கரண்டு போனா எடை கூடுதுன்னு எங்களுக்கே தெரிஞ்சிச்சே. தெனம் நிறுக்கற உனக்குத் தெரியலியா?"

"கவனிக்கலம்மா" என்றார் கலியமூர்த்தி. அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சார் அவரிடம் அந்தக் கேள்வியை வேறு விதமாக மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில். தராசைப் பறிமுதல் செய்தோம், வழக்குப் பதிவானது. கொட்டகையில் இருந்த மூட்டைகளை வட்டத் தராசில் எல்லோர் முன்னிலையிலும் மறுபடி நிறுத்தோம். ஏற்கெனவே லாரியில் போய்விட்ட புளியை யாராலும் நிறுக்க முடியவில்லை. சின்னப்பொண்ணு அதைச் சொல்லிக் காட்டினார். அடுத்த பருவத்தில் அந்த ஊரில் வேறு வியாபாரி கொட்டகை போட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மலை இறங்கும்போது பாதி வழியில் ஜீப்பில் சார்தான் பேச்செடுத்தார்.

"நீங்க சொன்னது முழுசாத் தப்பு இல்ல. எடையைக் குறைச்சது மின்சாரம்தான். ஆனா அது பூமியைத் தொடல, மிஷினைத்தான் தொட்டுது."

"பின்ன பூமி எதுனாலதான் சார் இழுக்குது?"

"எப்படி இழுக்குதுன்னு கணக்குப் போட முடியும். அது அடியில என்னன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசறவங்க நெறையப் பேர் இருக்காங்க."

மறுநாள் அறிக்கையின் வரைவை எழுதினேன். 'பழுதுபார்ப்பவர் கூறிய ஈர்ப்பு பற்றிய கருத்து அறிவுக்குப் பொருந்தாதது' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். சார் அதை மட்டும் அடித்தார். அந்த இடத்தில், 'அக்கருத்து சம்பவ இடத்தில் சோதிக்கப்பட்டது. எடைக்கல்லின் மீதான ஈர்ப்பில் மாற்றம் காணப்படவில்லை' என்று எழுதினார். "அவர் சொன்னதை நாம சோதிச்சோம் கலைச்செல்வி. சோதிச்சதுக்கு அப்புறம் திட்டறதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

ஆனால் உரிமத்தை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்ததும் அவர்தான். சோதிக்காத சார்ஜரை முத்திரையிட்ட தராசுக்கு விற்றது குற்றம். ஏழுமலை உண்மையைச் சொன்னதை அறிக்கையில் எழுதினார். அதற்காகத் தண்டனையைக் குறைக்கவில்லை. அது கொடுமை என்று அன்று எனக்குப் பட்டது. பிறகு நானும் பலருக்கு அப்படித்தான் எழுதினேன்.

ஆணை வந்து சேரச் சில வாரம் பிடித்தது. அதற்கிடையில் எனக்கு ஒரு கவலை இருந்தது. அதே வகைச் சார்ஜர் இன்னும் எத்தனை கடைகளில் ஓடுகிறதோ? தேடிப் பிடிக்கக் கிளம்பினேன். தியாகதுருகத்தில் ஒரு மளிகைக் கடை, சின்னசேலத்தில் ஒரு மரவள்ளிக் கிழங்கு மண்டி, சங்கராபுரத்தில் ஒரு உரக்கடை. போன இடமெல்லாம் புதுச் சார்ஜர் இருந்தது. எல்லா இடத்திலும் ஒரே பதில்: ஏழுமலை தன் மொபெட்டில் வந்து பழையதை வாங்கிக்கொண்டு, வேறு கம்பெனி சார்ஜரை மாட்டி, கல் வைத்துச் சோதித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

உரக்கடைக்காரர் ஆச்சரியமாகச் சொன்னார்: "புதுசுக்கு எவ்ளோன்னு கேட்டேங்க. காசு வேணாம்னுட்டாரு. ஏன் மாத்துறீங்க, நல்லாத்தான ஓடுதுன்னேன். 'எடையக் கொறச்சது பூமியோட இழுப்புன்னா ஒங்ககிட்ட வாங்கிக்கலாம். கொறச்சது என் சார்ஜரு, எப்பிடி வாங்கறது'ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. ஒங்களுக்காவது புரியுதாங்க?"